ஒத்திவைக்கப்பட்ட பொன்ரேகா

செவ்வலூர் அரசு சட்டக் கல்லூரியில் மாதிரி நீதிமன்றம் நடக்கப்போகிறது என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டால் போதும், அரசு வழக்கறிஞர் வேஷத்துக்கு அடிதடி நடக்கும், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வேஷத்துக்குச் சிபாரிசு நடக்கும், இன்ஸ்பெக்டர் வேஷத்துக்கு மீசை அரும்பியவர்களெல்லாம் வரிசையில் நிற்பார்கள், குற்றவாளிக் கூண்டில் ஏறி நிற்க மட்டும் ஆள் கிடைக்காது. வாதாடுகிறவர்களுக்கு மார்க் உண்டு, சாட்சி சொல்கிறவர்களுக்கும் ஏதோ கொஞ்சம் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவருக்கு வசனமே கிடையாது, அதனால் மார்க்கும் கிடையாது. கோர்ட்டுத் தமிழில் அவருக்கு எதிரி என்று பெயர். யாருக்கு எதிரி என்று கேட்கக் கூடாது, பெயர் அவ்வளவுதான்.

மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த பொன்ரேகா அந்தக் கூண்டில் ஏறியது வருகைப் பதிவுக்காக. அம்மா செண்பகத்துக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது வீட்டில் உலை வைக்க ஆளில்லாமல் அவள் ஊரிலேயே தங்கிவிட்டாள். திரும்பி வந்து பார்த்தால், வருகை நாட்கள் போதாது, பரீட்சை எழுத முடியாது என்று ஆபீசில் கையை விரித்துவிட்டார்கள். குற்றவியல் பேராசிரியர் ஞானசிகாமணி இரக்கமுள்ள மனிதர். "எதிரியா வந்து நில்லும்மா, அட்டென்டன்ஸை நான் பாத்துக்கிறேன்" என்றார். நிற்பதுதானே, நின்றால் போயிற்று என்று அவளும் போய் நின்றாள்.

வழக்கு ஞானசிகாமணியே உட்கார்ந்து எழுதியது. ஒரு ஆட்டைக் காணோம், ஆட்டுக்காரர் புகார் கொடுக்கிறார், எதிரி ஆட்டை இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்ததாக இரண்டு சாட்சிகள், அவ்வளவுதான். பொன்ரேகாவோடு ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்த ஆக்னஸ்தான் அரசு வழக்கறிஞர். நேற்றுவரை இவள் எண்ணெயைத் தலையில் தேய்த்துக்கொண்டிருந்தவள், இன்று கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, "இந்த எதிரி சமுதாயத்துக்கே ஆபத்தானவர், கனம் நீதிபதி அவர்களே" என்று விரலை நீட்டியபோது பொன்ரேகாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாதம் முடிந்தது. வழக்கமாக ஞானசிகாமணி விடுதலை என்று சொல்லி, எல்லோரையும் கைதட்ட வைத்து அனுப்பிவிடுவார். அன்றைக்குப் பேராசிரியர்களை ஏற்றிப்போகும் பஸ் வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது, அவருக்கும் ஐகோர்ட்டு நீதிபதி மாதிரி ஒருமுறை சொல்லிப்பார்க்க ஆசை வந்துவிட்டது. "தீர்ப்புக்காக வழக்கு ஒத்திவைக்கப்படுகிறது" என்று கம்பீரமாகச் சொல்லி, நம் நாட்டுக் கோர்ட்டில் எங்கேயும் இல்லாத ஒரு மரச் சுத்தியலைத் தட்டிவிட்டு, டிபன் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். மறுநாள் காலையில் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது.

எல்லோரும் எழுந்து போனபிறகு பொன்ரேகா கூண்டின் இடுப்பளவுக் கதவைத் திறந்து வலது காலை எடுத்து வெளியே வைத்தாள். கால் கூண்டுக்குள்ளேயே ஊன்றியது. இடது காலை வைத்துப் பார்த்தாள், அதுவும் உள்ளேயே ஊன்றியது. தடுத்து நிறுத்த அங்கே ஒன்றுமில்லை, வலியில்லை, கையை நீட்டினால் கை வெளியே போனது, தலையை நீட்டினால் தலை போனது, கால் மட்டும் எத்தனை முறை வெளியே வைத்தாலும் உள்ளே வைத்ததாகவே ஆனது. "ஏட்டி, மெஸ்ஸ மூடிருவாவ, வா" என்று வாசலில் இருந்து ஆக்னஸ் கூப்பிட்டாள். "வரமுடியலட்டி" என்றாள் பொன்ரேகா. ஆக்னஸ் வந்து கையைப் பிடித்து இழுத்தாள், பிறகு இன்னும் ஐந்தாறு பேர் வந்து இழுத்தார்கள், கடைசியில் ஆபீஸ் உதவியாளர் கோயில்பிள்ளை வந்து பார்த்துவிட்டு, தீர்ப்புச் சொல்லாமல் எதிரி எப்படிப் போகமுடியும் என்று கேட்டார். அப்போதுதான் எல்லோருக்கும் விஷயம் புரிந்தது.

ஆசாரியை வரவழைத்தார்கள். அவர் கூண்டை ஒவ்வொரு சட்டமாகக் கழற்றிச் சுவரோரம் அடுக்கிவிட்டு இப்போது வாங்க என்றார். பொன்ரேகா கூண்டு இருந்த வெற்று இடத்துக்குள் நின்றுகொண்டு, அந்தச் சதுரத்தைத் தாண்ட முடியாமல் விழித்தாள். ஒரு பெண்பிள்ளை ஒன்றுமில்லாத இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்பது பார்க்க நன்றாக இல்லை என்று கல்லூரி முதல்வர் அம்மா சொன்னதால், ஆசாரி சட்டங்களைத் திரும்பவும் பூட்டினார். பூட்டும்போது தற்செயலாகக் கூண்டு கொஞ்சம் நகர்ந்தது, நகர்ந்த அளவுக்குப் பொன்ரேகாவும் நகர்ந்தாள். உடனே வெல்டிங் பட்டறையில் சொல்லி நான்கு சக்கரம் மாட்டினார்கள். மகளிர் விடுதிக் குளியலறைக்குக் கூண்டு போகும்படி வாசலை அகலப்படுத்தப் பொதுப்பணித் துறைக்கு எழுதிப் போட்டார்கள், அந்த வேலை மட்டும் அதிசயமாக உடனே நடந்தது.

பொன்ரேகாவின் அப்பா சொரிமுத்து வாழைத்தார் ஏற்றும் மினி லாரி ஓட்டுகிறவர். விஷயத்தைக் கேள்விப்பட்டுச் செண்பகத்தை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு விழுந்தடித்து வந்தார். மகளைக் கூண்டுக்குள் பார்த்ததும் செண்பகம் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள், அழுது முடித்து, கொண்டுவந்த புளிச்சோற்றை ஊட்டினாள், ஊட்டி முடித்து, சுற்றி நின்றவர்களிடம், "எம் மவ ஒண்ணும் செய்யல கேட்டியளா, இது மார்க்குக்காவப் போட்ட நாடகம்" என்று ஒவ்வொருவராகப் பார்த்துச் சொன்னாள். யாரும் அதை மறுக்கவில்லை.

சொரிமுத்து மகளைக் கூண்டோடு லாரியில் ஏற்றி, தார் சரியாமல் இருக்கக் கட்டும் கயிற்றால் நாலு பக்கமும் கட்டி, ஞானசிகாமணி மாற்றலாகிப் போன ஊருக்கே கொண்டுபோனார். பேராசிரியர் வீட்டுத் தோட்டத்தில் கைலியோடு நின்று கத்தரிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுப் பதறிப்போய், "விடுதலைம்மா, விடுதலை, போம்மா" என்றார் ஹோஸ் குழாயைக் கையில் பிடித்தபடியே. பொன்ரேகா காலை எடுத்து வைத்தாள், கால் உள்ளேயே ஊன்றியது. நீதிபதி ஆசனத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும் போலிருக்கிறது என்றார் பேராசிரியர். ஆசனம் கல்லூரிக்குச் சொந்தம், அவர் இப்போது அந்தக் கல்லூரிக்குச் சொந்தமில்லை, அனுமதி கேட்டு இயக்குநரகத்துக்கு எழுத வேண்டும். எழுதினார்கள். கடிதம் பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது, அதற்குப் பிறகு வந்த பதில்களும் அதையேதான் சொல்லின.

இப்படியாகக் கூண்டுப் பிள்ளை கல்லூரிக்குப் பழகிவிட்டாள். காலையில் யாராவது தள்ளிக்கொண்டுபோய் வகுப்பில் விடுவார்கள், மாலையில் யாராவது விடுதிக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள், இரவில் கோயில்பிள்ளை போட்டுக்கொடுத்த பலகையில் முழங்காலை மடக்கிக்கொண்டு படுத்துக்கொள்வாள். வருகைப் பதிவில் அவளுக்கு ஒருநாள்கூடக் குறையவில்லை. அரியர் வைத்திருந்த பையன்கள் கூண்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பரீட்சைக்குப் போனார்கள், சிலர் பாஸும் ஆனார்கள், அதனால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கிற பழக்கம் வந்தது. தர நிர்ணயக் குழு வந்தபோது முதல்வர் அம்மா அவளைக் காட்டி, செயல்முறைக் கல்விக்கு எங்கள் கல்லூரியில் நிரந்தர வசதி இருக்கிறது என்றார். குழுத் தலைவர் மிகவும் நெகிழ்ந்துபோய், வருடத்துக்கு எத்தனை எதிரிகளைச் சேர்க்கிறீர்கள் என்று கேட்டார்.

குற்றவியல் பாடத்துக்குப் புதிதாக வந்த பேராசிரியர், நான் விசாரிக்காத வழக்கில் நான் தீர்ப்புச் சொல்வது முறையல்ல என்று முதல் நாளே கையைக் கழுவிவிட்டார். ஆனால் நல்ல யோசனை ஒன்று சொன்னார், மாணவர்கள் செய்முறைத் தேர்வுக்கு ஜாமீன் மனு எழுத வேண்டும் அல்லவா, அதைப் பொன்ரேகாவுக்காகவே எழுதட்டும் என்றார். அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் மாணவர்கள் அவளுக்காக மனு எழுதினார்கள். கூண்டைச் சுற்றி உட்கார்ந்து, அக்கா, இந்த இடத்தில் எந்தப் பிரிவு வரும் என்று அவளிடமே கேட்டு எழுதினார்கள். அவளும் திருத்திக் கொடுத்தாள். மனுவைப் படித்துப் பார்த்துப் பேராசிரியர் பத்துக்கு எட்டு போட்டார், ஒன்பது போட்டார், ஒரு பெண்ணுக்குப் பத்துக்குப் பத்தே போட்டார், அவள் மனுவைப் படித்துவிட்டுப் பொன்ரேகாவே அழுதாள். மார்க் வாங்கிக்கொண்டு எல்லோரும் அடுத்த வகுப்புக்குப் போனார்கள். உத்தரவு என்று ஒன்று எந்த மனுவின் மேலும் எழுதப்படவில்லை.

பொன்ரேகா நன்றாகப் படித்தாள், படிக்காமல் என்ன செய்வாள். எல்லாத் தாளிலும் முதலாவதாக வந்தாள், பட்டமளிப்பு விழாவில் அவளை மேடைக்குத் தூக்கிக்கொண்டுபோகப் பதினோரு பேர் தேவைப்பட்டார்கள், கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மறுநாள் அவளோடு படித்தவர்களெல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள். அவளை மறுபடியும் நீதிமன்ற அறையில் கொண்டுவந்து விட்டார்கள். அந்த அறை ஜன்னலில் இருந்து பார்த்தால் கல்லூரி கேட்டும் பஸ் ஸ்டாப்பும் தெரியும். பஸ் வரும், ஆட்கள் ஏறுவார்கள், பஸ் போகும். நடக்க முடியாததுகூட அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை, பேசிக்கொண்டிருக்கும்போது எழுந்துபோக முடியாததுதான் பெரும் வதையாக இருந்தது. யார் வேண்டுமானாலும் வந்து நின்று என்ன வேண்டுமானாலும் பேசிவிட்டு அவர்கள் இஷ்டத்துக்குப் போவார்கள், இவள் ஒருமுறைகூட, சரி, நான் வருகிறேன் என்று சொன்னதில்லை. சில நாள் கதவைத் திறந்து மூடி, திறந்து மூடி, வெறி பிடித்தவளாகக் கூண்டுக்குள்ளேயே நடப்பாள். அதைப் பார்க்கிறவர்கள், பாவம், வெயில் ஜாஸ்தி என்று ஃபேனைப் போட்டுவிடுவார்கள்.

தங்கச்சி கல்யாணத்துக்குச் சொரிமுத்து அவளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். கல்யாண மண்டப வாசலில் கட்டியிருந்த குலைவாழைக்குப் பக்கத்தில் கூண்டை நிறுத்தினார்கள், மாப்பிள்ளை வீட்டார் வந்து எட்டிப் பார்த்து, என்ன கேஸு என்று கேட்டார்கள். "கேஸெல்லாம் ஒண்ணுமில்ல, இது நாடகம்" என்றாள் செண்பகம், எத்தனை பேர் கேட்டாலும் அத்தனை பேருக்கும். பந்தி முடிந்து மகளுக்கு இலையில் சோறு போட்டுக் கூண்டின் கைப்பிடியில் வைத்தவள், மணமேடையில் நின்ற இளையவளைப் பார்த்தாள், கூண்டில் நின்ற மூத்தவளைப் பார்த்தாள், பாயசம் எடுக்கப் போனாள்.

அந்தக் கல்யாணத்துக்கு ஆக்னஸும் வந்திருந்தாள். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருந்தாள், நிஜமான கோட்டு, நிஜமான கட்சிக்காரர்கள். இலைகளை எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் கூண்டோரம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏட்டி, நான் ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாத. நீ ஒத்துக்கோ."

"எத?"

"ஆட்ட எடுத்தேன்னு ஒத்துக்கோ. மறுபடி விசாரிக்கணும்னா சாட்சி வேணும். அதுல ஒருத்தன் துபாய்ல இருக்கான், இன்னொருத்தன் போன் எடுக்க மாட்டான். ஒத்துக்கிட்டா சாட்சி வேண்டாம், வாதம் வேண்டாம். உள்ள இருந்த காலத்தத் தண்டனைல கழிச்சிருவாவ. அன்னைக்கே வெளிய."

"நான் எடுக்கலியே."

"ஆடே கெடையாதுட்டி!"

"ஆடே கெடையாதுன்னா எடுத்தேன்னு எப்படிச் சொல்லதுக்கு?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ஆக்னஸ் சிரிக்கவில்லை. "எங்க கோர்ட்டுல தெனமும் பாக்கேன். போன வாரம் ஒருத்தன். அவன் செஞ்சதா சொன்ன குத்தத்துக்கு உண்டான தண்டனைய விடக் கூடுதலா உள்ள இருந்துட்டான். ஒத்துக்கிட்டான், மத்தியானம் வீட்டுல சாப்புட்டான்."

"அவன் செஞ்சானா?"

"அத யாருட்டி கேட்டா?" என்றாள் ஆக்னஸ்.

பொன்ரேகா வேண்டாம் என்றுதான் சொன்னாள். ஒத்துக்கொண்டவருக்கு மேல்முறையீடு கிடையாது, தண்டனை கூடுதல் என்று வேண்டுமானால் போகலாம், நான் செய்யவில்லை என்று போகமுடியாது, இதை எத்தனையோ பிள்ளைகளுக்கு அவளே சொல்லிக்கொடுத்திருக்கிறாள். ஆனால் யோசனை ஒரு தடவை காதில் விழுந்துவிட்டது, விழுந்தபிறகு பஸ் ஸ்டாப்பைப் பார்ப்பது முன்னைவிடக் கஷ்டமாக இருந்தது. சொரிமுத்து விஷயத்தை விடவில்லை. ஞானசிகாமணி ஓய்வு பெற்றிருந்தார், ஓய்வு பெற்றவர் கௌரவ விருந்தினராக வந்தால் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை என்று கோயில்பிள்ளை விதி ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்னார், ஆக மாலை மரியாதையோடு அவரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து ஆசனத்தில் உட்கார வைத்தார்கள்.

அவர் உட்கார்ந்ததும் முதலில், "எதிரியை விடுதலை செய்கிறேன்" என்று சொல்லிப் பார்த்தார். பொன்ரேகா காலை வைத்தாள், உள்ளேயே ஊன்றியது. பேராசிரியர் வெட்கத்தோடு கண்ணாடியைத் துடைத்தார். "யார் என்ன சாட்சி சொன்னாங்கன்னு ஒண்ணுகூட ஞாபகம் இல்லம்மா. நினைவில்லாம சொல்றது தீர்ப்பாகாதுபோல" என்றார். அறை நிறையக் கூட்டம், எல்லோரும் ஆக்னஸைப் பார்த்தார்கள், ஆக்னஸ் பொன்ரேகாவைப் பார்த்தாள்.

செண்பகம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கூண்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லிட்டு வந்துரு தாயி. ஒரு வார்த்த. வெறும் நாடகந்தான, ஆரு என்ன நெனைக்கப் போறாவ?" என்றாள். ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவுக்கு நெடுநேரம் நிற்க முடியாது என்பது பொன்ரேகாவுக்குத் தெரியும், கைப்பிடியில் பாரத்தைப் போட்டுத்தான் அம்மா நின்றுகொண்டிருந்தாள். இந்தக் கூண்டே இத்தனை வருஷம் நிஜமாகப் பிடித்து வைத்திருக்கும்போது அந்த வார்த்தை மட்டும் எப்படி நாடகமாக இருக்கும் என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. வீட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் மனசில் இருந்தது, வேறு எதற்கும் அங்கே இடமில்லை.

"ஒத்துக்கிடுதேன்" என்றாள்.

ஞானசிகாமணி முறைப்படி கேட்டார். "யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இல்லாமல், விளைவு தெரிந்து, சுயமாகச் சொல்கிறீர்களா?" அறையில் இருந்த அத்தனை பேரும் அப்போது ஃபேனைப் பார்த்தார்கள்.

"ஆமா ஐயா."

குற்றவாளி என்று தீர்மானித்து, இருந்த காலத்தைத் தண்டனையாகக் கழித்து, போகலாம் என்றார். பொன்ரேகா இடுப்பளவுக் கதவைத் திறந்து காலை வைத்தாள், கால் வெளியே, சில்லென்ற சிமென்ட் தரையில் ஊன்றியது. அடுத்த காலும் வந்தது. மாணவர்கள் கைதட்டினார்கள், யாரோ விசில் அடித்தார்கள், அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அறையை ஒரு சுற்று நடந்து வந்தாள். அழுகையும் சிரிப்புமாக வந்தது. நடந்து வரும்போதே ஒன்று தெரிந்தது, அந்த ஆட்டுக்கு ஒரு காது வெள்ளை. வழக்கில் ஆட்டின் நிறத்தைப் பற்றி எங்கேயும் எழுதியிருக்கவில்லை. வெள்ளைக் காது, மற்றதெல்லாம் செவலை, கயிறு உள்ளங்கையில் உராய்ந்தது, ஆடு பின்னங்காலை ஊன்றிக்கொண்டு வரமாட்டேன் என்று கத்தியது, அவள் வாயைப் பொத்தினாள்.

கைதட்டல் எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. கோயில்பிள்ளை அறையில் இருந்த நாற்காலிகளை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டார், அவள் வெளியே வந்ததும் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். இத்தனை காலமும் அவள் சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கொடுத்த மனிதர். சான்றிதழ்களை வாங்கப் போனபோது முதல்வர் அம்மா, நடத்தை என்ற இடத்தில் எதையோ அடித்து வேறு எழுதிக் கொடுத்தார், கோபமாக எல்லாம் இல்லை, வழக்கமான வேலையாகத்தான்.

கேட்டுப் பக்கம் ஆக்னஸ் நின்றாள். பொன்ரேகா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். முதல்தடவையாகத் தானாகவே ஒருவரிடம் போயிருந்தாள்.

"அடுத்த மாசம் வக்கீலாப் பதியப் போவணும்ட்டி, நீயும் கூட வா" என்றாள்.

ஆக்னஸ் மெல்ல விலகிக்கொண்டாள். "பதியது கஷ்டம்லா. திருட்டுல தண்டனையாயிருக்கே, பார் கவுன்சில்ல கேப்பாவ."

"ஏட்டி, நாடகம்னு நீதான சொன்ன."

"நான் என்ன வேணாலும் சொல்லுவேன், நீதானட்டி ஒத்துக்கிட்ட" என்றாள் ஆக்னஸ். அவள் முகத்தில் பொய் இல்லை, கேலியும் இல்லை. தெரிந்த ஒருத்தி தவறு செய்து தண்டனையும் அனுபவித்துவிட்டாளே என்ற வருத்தம்தான் இருந்தது.

லாரியில் பொன்ரேகா நடுவில் உட்கார்ந்தாள், ஒரு பக்கம் அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார், மறுபக்கம் அம்மா கதவோரம். ஜன்னல் வழியாக வாழைத்தோப்பும் கோயில் வளைவும் செங்கல் சூளையும் போயின. எங்கே வேண்டுமானாலும் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிடலாம் என்று அவள் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டாள். 

"அந்த ஆட்டுக்காரன் என்ன பாடு பட்டானோ" என்றாள் செண்பகம், யாரையும் பார்க்காமல்.

பொன்ரேகா அம்மாவின் பக்கம் திரும்பினாள். அம்மா, நான் எடுக்கல என்று சொல்ல வாயைத் திறந்தாள். உள்ளங்கையில் கயிறு உராய்ந்தது, வாயைப் பொத்தியபோது ஆடு விட்ட சூடான மூச்சு விரலில் பட்டது. வாயை மூடிக்கொண்டாள்.

கொஞ்ச தூரம் போனபிறகு செண்பகம் தன் மடிக்கும் மகளுக்கும் நடுவில் வைத்திருந்த கைப்பையை எடுத்து, மெதுவாக, கதவுப் பக்கமாக வைத்துக்கொண்டாள். பொன்ரேகா அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை அம்மாவும் பார்த்தாள். அதன்பிறகு ஊர் வரும்வரை மூன்று பேரும் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.